முருகைக்கல்லில் நெருப்பெடுத்த சூசைதாசன்

குருநகரில் சூசைதாசன் வீடு எது என்று கேட்டால் ஆறு வீட்டைக் காட்டுவார்கள். நெருப்புச் சூசை என்று கேட்டால் ஒரு வீட்டைத்தான் காட்டுவார்கள். அறுபத்து மூன்று வயது. கடலுக்குப் போவதை விட்டு நாலு வருசம். இப்போது கரையில் மீன்வாடியில் எங்களோடு இருந்து கிழிந்த வலை பொத்துகிறார் என்று பெயர். வலையை மடியில் வைத்துக்கொண்டு கதைப்பார், பக்கத்தில் இருப்பவன் பொத்துவான்.

கதை ஒன்றுதான். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, சண்டைக் காலம். மோட்டாருக்கு மண்ணெண்ணெய் இல்லாமல் பாய் கட்டிய வள்ளத்தில் தனியாகப் போனவரைக் காற்று இழுத்துக்கொண்டுபோய்ப் பெயரில்லாத ஒரு மணல்திட்டில் போட்டுவிட்டது. இரண்டு நாள் கிடந்தார். மூன்றாம் நாள் புகை எழுப்பினார். தூரத்தில் போன வள்ளம் ஒன்று புகையைக் கண்டு வந்து ஏற்றிக்கொண்டது. இவ்வளவும் உண்மை. அந்தப் புகை எப்படி வந்தது என்பதில்தான் பிழை.

"கத்தியை எடுத்தன்," என்பார் சூசையண்ணை. வலை கீழே விழும். "காலடியிலை கிடந்த முருகைக்கல்லிலை ஒரு வெட்டு. பொறி பறந்தது. ரெண்டாவது வெட்டு. தும்பு பத்திச்சுது. மூண்டாவது வெட்டுத் தேவைப்படேல்லை."

முருகைக்கல் என்பது கடலுக்குள் வளர்கிற வெள்ளைக் கல். எங்கள் ஊரில் மதில் அதில், கிணற்றுக்கட்டு அதில், மலசலகூடம் அதில். அந்தக் கல்லில் மண்வெட்டி முறித்தவன் இருக்கிறான், முழங்காலைத் தேய்த்தவன் இருக்கிறான், குடிவெறியில் விழுந்து பல்லைக் கொடுத்தவனும் இருக்கிறான். அதிலிருந்து ஒரு பொறி பறந்ததைக் கண்டவன் ஒருவனும் இல்லை. இருந்தும் முப்பத்திரண்டு வருசம் அந்தக் கதையைக் கேட்டுத் தலையாட்டினோம். நானும் சேர்த்துத்தான்.

அதனால் அவருக்கு வந்த மரியாதை கொஞ்சநஞ்சம் இல்லை. செத்த வீட்டில் முன் கதிரை. பாரிசிலிருந்து லீவில் வருகிறவர்கள் அவரை நிற்கவைத்துப் படம் எடுப்பார்கள். ஒருமுறை சாரணப் பெடியள் பாசறை போட்டு, நெருப்பு மூட்டக் காட்டித்தரச் சொல்லி அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒன்றரை மணித்தியாலம் கதைத்தார். கடைசியில் ஈரக்காற்று என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். அன்று மழையும் இல்லை, காற்றும் இல்லை.

உண்மையை இப்போதே சொல்லிவிடுகிறேன். கதையைக் கட்டியிழுத்துக் கடைசியில் அவிழ்க்கிற பழக்கம் எனக்கில்லை. அவரிடம் நெருப்புப்பெட்டி இருந்தது.

அந்த நாளில் பொருளாதாரத் தடை, யாழ்ப்பாணத்துக்கு நெருப்புப்பெட்டி வரவிடமாட்டார்கள். ஒரு வீட்டு அடுப்பு எரிந்தால் நாலு வீட்டிலிருந்து சிரட்டையோடு தணல் எடுக்க வருவார்கள். சூசையண்ணையின் மனைவி லூர்த்தம்மா எங்கேயோ பிடித்து இரண்டு பெட்டி வாங்கி, பால்மா ரின்னுக்குள் போட்டு, அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருந்தா. கேட்டவர்களுக்கெல்லாம் இல்லை என்றுதான் பதில். அன்று புருசன் தனியே கடலுக்குப் போகிறாரே என்று மனம் கேட்காமல் ஒரு பெட்டியைப் பொலித்தீனில் சுற்றி வெற்றிலைப் பையில் வைத்துவிட்டா. அது காப்பாற்றியது. கரைக்கு வந்து இறங்கியதும் ஊரே சுற்றி நின்று, "எப்பிடியண்ணை நெருப்பு மூட்டினீங்கள்?" என்று கேட்டது. கூட்டத்துக்குள் நின்று லூர்த்தம்மா அவரை ஒரு பார்வை பார்த்தா. அந்தப் பார்வையில் பிறந்ததுதான் முருகைக்கல்.

அப்படியே செத்திருந்தால் கல்லறையிலும் எழுதியிருப்பார்கள். இந்த வருசம் வந்து சேர்ந்தார் பாதர் ஜெறோம்.

புதுப் பங்குச் சாமி. இளம் ஆள், எதையும் முறைப்படி செய்யவேண்டும் என்கிற ஆள். உயிர்த்த ஞாயிறுக்கு முதல் நாள், பெரிய சனி, இருட்டியதும் கோயில் முற்றத்தில் விளக்கெல்லாம் அணைத்து, புது நெருப்பு மூட்டி, அதிலிருந்துதான் பாஸ்காத் திரி என்கிற பெரிய மெழுகுதிரியைக் கொளுத்தி உள்ளே கொண்டு போகவேண்டும். எங்கள் கோயிலில் அந்த நெருப்பு வருசா வருசம் மூப்பர் நீக்கிலாப்பிள்ளையின் லைற்றரிலிருந்தும் ஒரு போத்தல் மண்ணெண்ணெயிலிருந்தும்தான் வந்துகொண்டிருந்தது. போன வருசம் மூப்பர் எண்ணெயைக் கொஞ்சம் கூட ஊற்றி, ஆண்டவர் உயிர்க்க முதல் தன் மீசையில் பாதியைக் கொடுத்துவிட்டார்.

தவக்காலத்து முதல் ஞாயிறு பாதர் பிரசங்கத்தில் சொன்னார்: "இந்த முறை லைற்றரும் வேண்டாம், மண்ணெண்ணையும் வேண்டாம். அந்தக் காலத்திலை கல்லிலையிருந்துதான் புது நெருப்பு எடுத்தவை. கல்லறையிலையிருந்து ஆண்டவர் வந்தமாதிரி. அதைச் செய்யத் தெரிஞ்ச ஒராள் எங்கடை பங்கிலையே இருக்கிறார். சூசைதாசன் ஐயா, கொஞ்சம் எழும்புங்கோ."

எழும்பினார். சனம் கைதட்டியது. பெண்கள் பக்கத்தில் லூர்த்தம்மாவின் செபமாலை நிலத்தில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது.

வெளியே வந்ததும் மூப்பர் அவரை மறித்தார். லைற்றரைப் பறிகொடுத்த கோபம் முகத்தில் இருந்தது.

"நல்லது சூசை. நீர் மூட்டும். நான் பக்கத்திலை நிண்டு பாப்பன். கையையும் பாப்பன், மடியையும் பாப்பன்."

"பாரும் மூப்பர். மீசையை மட்டும் தள்ளி வைச்சுக்கொண்டு பாரும்."

வாய்க்கு என்றைக்கும் குறைவில்லை. ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் என்னிடம் மெல்லமாகச் சொன்னார்: "பாதர் நல்ல ஆள்தான்ரா. வேகம் கொஞ்சம் கூட." முப்பத்திரண்டு வருசத்துப் பெயர் இன்னும் ஆறு கிழமையில் முற்றத்தில் வைத்துக் கொளுத்தப்படப் போகிறது. வேறொரு மனிசனாக இருந்தால் காய்ச்சல் என்று படுத்திருப்பான். இவரோ தன் பொய்யை உண்மையாக்கப் புறப்பட்டார்.

பாழடைந்த ஐஸ் அறைக்குப் பின்னால் கடற்கரையில் தொடங்கினார். முதல் கிழமை முழுக்க முருகைக்கல். தன் கதையைத் தானே நம்பியிருந்திருக்கிறார் போல. கத்தியால் வெட்ட வெட்ட மாதான் பறந்தது. நான் போனபோது முகம், தலை, கட்டியிருந்த சாரம் எல்லாம் வெள்ளை.

"என்ன சூசையண்ணை, வெத்திலைக்குச் சுண்ணாம்பு இடிக்கிறியளோ?"

"தள்ளிப் போடா. அந்தத் திட்டுக் கல்லு வேறை."

"முருகைக்கல்லிலையும் சாதி இருக்கோ அண்ணை?"

"எல்லாத்திலையும் இருக்கு. உன்ரை வாயிலையும் இருக்கு. போ."

கத்தி கரண்டியாகப் போனது. பிறகு சீமெந்துக் கல், ஓடு, உடைந்த கிணற்றுக்கட்டு. ஒன்றிலும் இல்லை. மூன்றாம் கிழமை, லூர்த்தம்மா சந்தைக்குப் போன நேரம் பார்த்து, பழைய அரம் ஒன்றை எடுத்துக் குசினி வாசலில் கிடந்த அம்மியில் ஓங்கி அடித்தார். பொறி பறந்தது. அம்மியின் மூலையும் பறந்தது. திரும்பி வந்த லூர்த்தம்மா போட்ட சத்தம் நாலு ஒழுங்கைக்குக் கேட்டது.

"இஞ்சேருங்கோ! நெருப்பு வேணுமெண்டா உள்ளை நெருப்புப்பெட்டி கிடக்குது. என்ரை அம்மியை ஏன் கொல்லுறியள்?"

"நெருப்புப்பெட்டி எண்ட சொல்லை மெல்லமாச் சொல்லடி!"

ஆனால் மனிசனுக்கு ஒன்று விளங்கிவிட்டது. கல் கருங்கல்லாக இருக்கவேண்டும். எங்கள் பக்கத்தில் கருங்கல் கிடையாது. அடுத்த நாள் வெங்காயம் வாங்கப் போகிறேன் என்று சொல்லிச் சுன்னாகத்துக்கு பஸ் ஏறினார். சந்தைக்கு வெளியே வன்னியிலிருந்து கல் கொண்டுவந்து அம்மி பொளிந்து விற்கிற ஆழ்வாப்பிள்ளை என்ற ஒருவர் இருக்கிறார். அவருக்கு முன்னால் போய்க் குந்தினார்.

"அம்மியோ ஐயா?"

"இல்லை. கல்லு. கையுக்கு அடங்கிற கல்லு."

"மீன் வெடுக்கு அடிக்குது உங்களிலை. வலைக்குக் கட்டவோ?"

"இல்லை. அது… பொறி பறக்கிற கல்லு."

ஆழ்வாப்பிள்ளை உளியை வைத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தாராம். பிறகு குவியலைக் கிளறி, கண்ணாடி மாதிரி மினுங்குகிற வெள்ளைக் கல் துண்டொன்றை எடுத்துப் போட்டார்.

"இதிலை நல்லாப் பறக்கும். கத்தி சரிவராது, வன்மையான இரும்பு வேணும். ஆனா ஐயா, பொறி பறந்தாப்போலை நெருப்பு வந்திடுமோ? முப்பது வருசமா என்ரை மடியிலை பொறி விழுகுது. ஒருநாளும் நான் பத்தி எரியேல்லை. ஒரேயொருக்கா, பீடி சுட்டுக் கரியாக்கின சாக்குத் துண்டிலை விழுந்தது. அது மட்டும் பிடிச்சது. கரியிலைதான் பிடிக்கும்."

காசு வாங்கவில்லை. "எதுக்கெண்டு மட்டும் சொல்லிப்போட்டுப் போங்கோ," என்றார். சூசையண்ணை, தன் வாழ்க்கையில் முதல் தடவையாக, கதை சொல்லாமல் எழும்பி வந்தார். வெங்காயம் வாங்க மறந்துபோனார். அதற்கு வீட்டில் தனியாக வாங்கினார்.

அதற்குப் பிறகு கரி. பனைமட்டையின் அடியில் சுரண்டினால் பழுப்பாகப் பஞ்சு வரும். அதைப் பால்மா ரின்னில் அடைத்து, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, அடுப்பில் வைத்துக் கருக்கவேண்டும். கூடினால் சாம்பல், குறைந்தால் வெறும் பஞ்சு. லூர்த்தம்மா இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டா:

"அப்ப நெருப்பு மூட்டிறதுக்கு முதல் நெருப்பு மூட்டவேணுமோ?"

"ஓம்."

"அதுக்கு நெருப்புப்பெட்டி வேணும்?"

"சத்தம் போடாதை எண்டனான்!"

அந்த ரின்னிலிருந்து வந்த புகை வேலிக்கு மேலால் மேர்சி வீட்டுக்குப் போனது. மேர்சி பக்கத்து வீடு. புருசன் செத்து, பிள்ளைகளும் வெளிநாடு போய், தனியே இருக்கிற மனிசி. வேலிக்கு மேலால் தலை தெரிந்தது.

"லூர்த்தக்கா, உங்கடை மனிசன் என்ன, குசினிக்குப் பின்னாலை சுடலை நடத்திறாரோ?"

"கோயில் அலுவல் மேர்சி. பொறுத்துக்கொள்."

"ஆண்டவர் மூண்டு நாளிலை உயிர்த்தவர். இவர் மூண்டு கிழமையாப் புகையிறார்."

குருத்தோலை ஞாயிறுக்கு அடுத்த நாள் நான் அவர் வீட்டுக்கு வலையூசி வாங்கப் போனேன். பின்பக்கம் முழங்காலில் நின்றுகொண்டிருந்தார். இடது கையில் வெள்ளைக் கல், அதன்மேல் நகத்தளவு கரி. வலது கையில் அரத் துண்டு. அடித்தார். அடித்தார். விரலில் இரத்தம். பிறகு கரியில் ஊசிமுனைப் பொட்டாக ஒரு சிவப்பு. அதைத் தும்புக் கூட்டுக்குள் வைத்து, தென்னம் பன்னாடையால் பொத்தி, இரண்டு கையிலும் ஏந்தி ஊதினார். புகை வெள்ளையாகியது, மஞ்சளாகியது, திடீரென்று கைக்குள் நெருப்பு. ஒரு பக்கப் புருவம் போயிருந்தது. அழுதார். நான் வலையூசி கேட்க மறந்து திரும்பினேன். நான் என் கண்ணால் கண்டவன். எனக்கும் ஊரில் ஒரு மரியாதை இருக்கிறது என்றுதான் அந்தச் சனிவரை நினைத்திருந்தேன்.

பெரிய சனி. இருட்டி முற்றத்தில் விளக்கணைந்தது. நடுவில் எரிக்கக் காய்ந்த கொக்காரையும் காவோலையும் குவித்திருந்தார்கள். சுற்றவர சனம், ஒவ்வொரு கையிலும் ஃபோன். மூப்பர் சொன்னபடி மடியைத் தடவினார், வேட்டி மடிப்பைத் தடவினார், வாயையும் திறந்து காட்டச் சொன்னார். பாதர் செபம் சொல்லிவிட்டுக் கண்ணைக் காட்டினார்.

அடித்தார். கடற்காற்று. பொறி பறந்து காற்றோடு போனது. பத்து அடி. இருபது. ஒரு குழந்தை, "அம்மா, தாத்தா என்ன உடைக்கிறார்?" என்று கேட்டது. முப்பது. வேர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. ஒருமுறை பிடித்த கரியில் அதே வேர்வை விழுந்து அணைந்தது. லூர்த்தம்மா கண்ணை மூடிக்கொண்டா. நாற்பதுக்கு மேலே நான் எண்ணவில்லை. கடைசியில் சிவப்புப் பொட்டு விழுந்தது. தும்புக்குள் வைத்தார், காற்றுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து ஊதினார், நெருப்பு வந்தது. காவோலையில் வைத்ததும் சோவென்று எழும்பியது. பாதரின் முகம் அந்த வெளிச்சத்தில் சின்னப் பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது.

கைதட்டல் வரும் என்று நான் பார்த்தேன். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "லைற்றர்!"

சனம் சிரித்தது. மூப்பர் அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டார். "தும்புக்குள்ளை வைச்சிருக்கிறார். நான் மடியைத்தான் பாத்தன், தும்பைப் பாக்கேல்லை."

பூசை முடிந்து வெளியே வந்தபோது தீர்ப்பே எழுதிவிட்டார்கள். நியாயமும் வைத்திருந்தார்கள். உண்மையான நெருப்புச் சூசை என்றால் இரண்டு வெட்டில் மூட்டியிருப்பார், மூன்றாவது தேவைப்பட்டிராது. இவர் அரை மணித்தியாலமாகத் தட்டுகிறார். உண்மையான சூசை முருகைக்கல்லில் எடுத்தவர். இது ஏதோ கடையில் வாங்கிய வெள்ளைக் கல். வயது போய்விட்டது, பாவம், பாதருக்கு முன்னால் மானம் போகாமல் இருக்க லைற்றர் வைத்திருக்கிறார். பாட்டுக் குழுப் பிள்ளை ஷெரோன் தன் ஃபோனைப் போட்டுக் காட்டினாள். முழுக்க மூப்பரின் முதுகு. நான் முன்னுக்குப் போய், "டேய், நான் கண்டனான், அவரின்ரை வீட்டிலை கண்டனான்," என்றேன். "நீங்கள் அவரின்ரை ஆள்," என்று முடித்துவிட்டார்கள்.

சூசையண்ணை எல்லாரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். விரலெல்லாம் துணி சுற்றிய கையைத் தூக்கிக் கத்தினார்:

"விசரங்களே! அண்டைக்குத்தான்ரா பொய்! இண்டைக்கு மெய்! அண்டைக்கு என்னட்டை நெருப்புப்பெட்டி இருந்தது. லூர்த்து வைச்சுவிட்ட பெட்டி. முருகைக்கல்லிலை எங்கையடா பொறி பறக்கும்? உங்கடை மதிலிலை அடிச்சுப் பாருங்கோவன்!"

ஒருவன் அவர் தோளில் கைபோட்டான்.

"சும்மா இருங்கோ அண்ணை. உப்பிடித் தன்னைத் தாழ்த்திக் கதைக்கப்படாது."

"இப்பதானே தவக்காலம் முடிஞ்சது," என்றார் இன்னொருவர். "பெரிய மனிசர் உப்பிடித்தான் கதைப்பினம்."

மூப்பர்கூடச் சொன்னார்: "சூசை, அந்தக் காலத்திலை நீர் செய்தது செய்ததுதான். அதை ஆரும் உம்மட்டையிருந்து பறிக்கேலாது."

அப்படித்தான் தீர்ந்தது. பொய்க்கு முழு மரியாதை, மெய்க்கு லைற்றர்.

அவர் சொன்னதை நம்பியது ஒரேயொரு ஆள். கூட்டத்தை விலத்திக்கொண்டு மேர்சி வந்தா. சூசையண்ணையைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே லூர்த்தம்மாவுக்கு முன்னால் போய் நின்றா.

"எத்தினை பெட்டி?"

லூர்த்தம்மா செபமாலையை விரலில் சுற்றினா.

"என்ரை றஜிதா பிறந்து பதினோராம் நாள். மழை. அடுப்பு நூந்துபோச்சு. பச்சை உடம்போடை சிரட்டையைக் கொண்டு உங்கடை படலையிலை வந்து நிண்டனான் அக்கா. என்ன சொன்னனீங்கள்? 'என்னட்டை ஒரு குச்சியும் இல்லை மேர்சி, பிள்ளையாணை.' கோயிலடி மட்டும் நனைஞ்சு போய்த்தான் தணல் எடுத்தனான். வரேக்கை அதுவும் நூந்துபோச்சு. எத்தினை பெட்டி எண்டு கேக்கிறன்."

"ரெண்டு," என்றா லூர்த்தம்மா. பிறகு மெல்லத் தலையைத் திருப்பிப் புருசனைப் பார்த்தா. முப்பத்திரண்டு வருசத்துக்கு முன்னால் கரையில் பார்த்த பார்வையை நான் காணவில்லை. இதைக் கண்டேன். இதற்கு ஒரு கதையும் கட்டமுடியாது என்று சூசையண்ணைக்கும் விளங்கியிருக்கும்.

உயிர்த்த ஞாயிறு காலை மேர்சி வேலிக்கு மேலே இரண்டு தகரம் உயர்த்திக் கட்டுவித்தா. இந்தப் பக்கம் லூர்த்தம்மா குசினிக் கதவைச் சாத்தினா. சாப்பாடு வரும், அதில் குறை இல்லை. தேத்தண்ணிதான் வராது. மனிசனுக்கு ஒரு நாளைக்கு ஐந்து தேத்தண்ணி வேண்டும்.

"உங்களுக்குத்தான் கல்லிலை நெருப்பு வருமே," என்று உள்ளேயிருந்து குரல் வந்ததாம். "போய் மூட்டிக் குடியுங்கோ."

செவ்வாய்க்கிழமை நான் போனபோது வீட்டின் பின்பக்கம் மூன்று கல் வைத்து, அதன்மேல் கேத்தலை வைத்து, முழங்காலில் நின்று அரத்தால் அடித்துக்கொண்டிருந்தார். ஒழுங்கையால் போகிற பெடியள் வேலிக்கு மேலால், "லைற்றர் வேணுமோ அண்ணை?" என்று கேட்டுக்கொண்டு போனார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கை பழகிவிட்டது. பன்னிரண்டாம் அடியில் பிடித்தது.

எனக்கும் ஒரு கோப்பை தந்தார். புகை நாற்றம். சீனி இல்லை. சீனிப் போத்தல் கதவுக்கு அந்தப் பக்கம்.